யூத மரபுப் பாடல்களில் இருந்து ஒரு ஜாஸ் ஆல்பம்: முழுமையான வழிகாட்டி

யூதர்களின் பழைய பாடல்களை ஜாஸ் குழு வாசிக்கும் ஆல்பமாக்க நினைப்பவர் பெரும்பாலும் முதல் நாளே பியானோ முன் உட்கார்ந்து கார்டு (chord, சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) தேடுகிறார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். எங்கள் நால்வர் குழுவுக்கு ஆறு பாடல்களை எழுதி எடுத்துப்போனேன். முதல் ஒத்திகை முடிவதற்குள் ஐந்தைக் கிழித்துப் போட்டோம். பிறகு இதே வேலையில் இறங்கிய வேறு சில குழுக்களோடும் உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழுந்தது அதே இடத்தில்தான். கீழே உள்ள வரிசையில் கார்டு ஆறாவது வேலை. அதை முன்னால் இழுக்க வேண்டாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சுரத்தை வளைக்கக்கூடிய ஒரு கருவி கட்டாயம் வேண்டும்: கிளாரினெட், சாக்ஸபோன், வயலின், டிராம்போன், இவற்றில் ஏதேனும் ஒன்று. பியானோ மட்டும் மெட்டைச் சுமந்தால் பாதி உயிர் போய்விடும். இரண்டு கட்டைகளுக்கு நடுவே அதனால் நிற்க முடியாது. மெட்டுக் கருவியோடு பியானோ அல்லது கிட்டார், டபுள் பேஸ், டிரம்ஸ் இருந்தால் போதும்.

பாடலின் மொழி தெரிந்த ஒருவர் தொலைபேசித் தொலைவில் இருக்க வேண்டும். எபிரேயம், இத்திஷ், லடினோ மூன்றும் தெரிந்தவர் அரிது; மொழிக்கு ஒருவராகப் பிடியுங்கள். நேரமும் வேண்டும். எட்டுப் பாடல்களுக்கு எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது. அதில் கருவியைத் தொட்டது கடைசி இரண்டு மாதம்தான்.

1. பாடல்களைத் தேர்ந்தெடுத்தல்

"யூதப் பாடல்" என்று ஒற்றை வகை கிடையாது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் பாடல்கள், 1492-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்களின் வழிவந்த லடினோ பாடல்கள், ஜெப ஆலயத்தில் ஓதும் மெட்டுகள், ஹசிதியர்கள் என்ற யூத பக்தி இயக்கத்தினர் சொல்லில்லாமல் பாடும் நிகுன்கள், கல்யாண வீட்டில் க்ளெஸ்மர் குழுக்கள் வாசிக்கும் ஆட்ட மெட்டுகள் எனக் குறைந்தது ஐந்து வகை உண்டு. ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாக நடக்கும், வெவ்வேறு விதமாக மூச்சு விடும்.

முதலில் இருபது பாடல்களின் பட்டியல் போடுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே வகை, சுரவரிசை, தாளம் மூன்றையும் எழுதுங்கள். ஒரே சுரவரிசையில் மூன்று பாடல்களுக்கு மேல் இருந்தால் மிச்சத்தை வெட்டுங்கள். புதியவர்களின் பட்டியலில் எட்டுக்கு ஆறு 'ஹவா நகிலா' பாட்டின் நிறத்திலேயே இருக்கும். நான்காவது பாடலில் கேட்பவரின் காது அலுத்துவிடும்.

சொல்லில்லாத நிகுன் ஒன்றை அவசியம் சேருங்கள். ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பச் சுழற்றி மெல்ல மெல்லச் சூடேற்றுவதுதான் அதன் இயல்பு. ஜாஸ் குழுவுக்கு இதைவிட எளிய நுழைவாயில் இல்லை.

2. "மரபு" என்று எழுதும் முன் விசாரித்தல்

ரசித்துச் செய்யும் வேலை அல்ல. ஆனால் இசைக்கோப்பு (எந்தக் கருவி எதை வாசிக்கும் என்ற ஏற்பாடு) எழுதிய பிறகு செய்தால் அழுகை வரும், அதனால் இரண்டாவது இடம்.

எல்லோருக்கும் தெரிந்த பாடல் யாரும் எழுதாத பாடல் ஆகிவிடாது. வெள்ளி இரவு உணவு மேசையில் பாடப்படும் 'ஷாலோம் அலேகெம்' பாட்டின் பரவலான மெட்டு நூற்றாண்டுகள் பழையது என்றே பலரும் நினைக்கிறார்கள். அதை அமைத்தவர் நியூயார்க்கின் ரபி (யூத மதகுரு) இஸ்ரேல் கோல்ட்ஃபார்ப், வெளியானது 1918-இல். அமெரிக்காவில் அதன் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் அவர் இறந்தது 1967-இல். ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு என்ற இந்தியக் கணக்கில் 2027 முடியும்வரையும், எழுபது ஆண்டு என்ற ஐரோப்பியக் கணக்கில் 2037 முடியும்வரையும் உரிமை உயிரோடு இருக்கலாம். ஒரே பாட்டு, மூன்று விடை.

'டோனா டோனா'வும் நாட்டுப்பாடல் அல்ல. 1940-களின் தொடக்கத்தில் ஷோலோம் செகுண்டா இசையமைத்த மேடைப் பாடல். 'ரோஷின்கெஸ் மித் மாண்ட்லென்' தாலாட்டு ஆப்ரகாம் கோல்ட்ஃபாடன் 1880-இல் அமைத்த இசை நாடகத்தில் வருவது. இதற்கு உரிமைச் சிக்கல் இல்லை, ஆனாலும் உறையில் அவர் பெயரைப் போடுவதுதான் மரியாதை. உரிமை உள்ள பாடலாக இருந்தால் பட்டியலிலிருந்து தூக்க வேண்டியதில்லை. உரிமம் வாங்கி, கட்டணத்தைச் செலவுக் கணக்கில் முதலிலேயே சேருங்கள்.

3. மூலத்தைத் தேடிக் கேட்டல்

முந்தைய ஜாஸ் பதிவுகளைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது பெரிய பிழை. அந்த ஜாஸ் கலைஞர் எதை மாற்றினார் என்று தெரியாமலேயே மாற்றியதை மூலமாக எடுத்துக்கொள்வீர்கள். ஜாஸ் பதிவுகளை எட்டாம் படிவரை மூடி வையுங்கள்.

ஒவ்வொரு பாடலுக்கும் மூன்று வடிவங்கள் தேடுங்கள். அவற்றில் ஒன்றாவது பக்கவாத்தியம் இல்லாமல் பாடியதாக இருக்கட்டும். ஆட்ட மெட்டுகளுக்கு 1920-களில் நியூயார்க்கில் பதிவான நஃப்டுலே பிராண்ட்வைன், டேவ் டாராஸ் இருவரின் கிளாரினெட் இசைத்தட்டுகளே பள்ளிக்கூடம். எழுத்துச் சுரங்களுக்கு மோஷே பெரெகோவ்ஸ்கி சோவியத் உக்ரைனில் திரட்டிய தொகுப்புகள் இருக்கின்றன. கிழக்கத்திய யூதச் சமூகங்களின் பாடல்களுக்கு ஆப்ரகாம் இடெல்சோன் 1914 முதல் 1932 வரை வெளியிட்ட பத்துத் தொகுதிகள். எருசலேமில் உள்ள இஸ்ரேல் தேசிய நூலகத்தின் ஒலிக்காப்பகத்தில் பெரும்பகுதியை இணையத்திலேயே கேட்கலாம்.

மூன்று வடிவங்களிலும் மாறாமல் இருக்கும் இடங்களைச் சிவப்பில் குறியுங்கள். அவைதான் பாடலின் எலும்பு. மாறும் இடங்களில் உங்களுக்குச் சுதந்திரம் உண்டு. இந்த ஒரு குறிப்பு பின்னால் பல வாக்குவாதங்களைத் தீர்க்கும்.

4. சொல்லோடு பாடிப் பழகுதல்

ஆல்பத்தில் பாடகரே இல்லாவிட்டாலும் குழுவில் நால்வரும் பாட வேண்டும். டிரம்மரும்தான், அவர்தான் அதிகம் முரண்டு பிடிப்பார், அவருக்குத்தான் அதிகம் தேவை.

காரணம் அழுத்தம். இன்றைய எபிரேயத்தில் பெரும்பாலான சொற்களுக்குக் கடைசி அசையில் அழுத்தம் விழும். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பழைய உச்சரிப்பில் அது கடைசிக்கு முந்தைய அசையில் விழும். ஒருவர் 'ஷபாத்' என்பதை மற்றவர் 'ஷாபெஸ்' என்பார். மெட்டு எந்த உச்சரிப்பில் பிறந்ததோ அந்த அழுத்தத்தில்தான் அதன் வாக்கியங்கள் சாயும். இது தெரியாத சாக்ஸபோன்காரர் தன் பழக்கப்படி அழுத்துவார். மொழி தெரிந்தவர் காதில் அது சொல்லைத் தவறாக உடைத்தது போல விழும்.

பொருளும் வேண்டும். 'தும்பலாலைக்கா'வை இளைப்பாறும் மூன்றடி வால்ட்ஸாக வாசித்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். அந்தப் பாட்டில் ஓர் இளைஞன் பெண்ணிடம் விடுகதை போடுகிறான்: மழையில்லாமல் வளர்வது எது, கண்ணீர் இல்லாமல் அழுவது எது? அவள் பதில் சொல்கிறாள்: கல் வளரும், இதயம் அழும். இதைப் படித்த அன்றே எங்கள் இசைக்கோப்பு மாறியது. சாக்ஸபோன் நான்கு பார் (bar, தாளக் கட்டம்) கேட்கும், பேஸ் நான்கு பார் பதில் சொல்லும். ஜாஸில் நான்கு நான்காக மாற்றி வாசிக்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. பாட்டு தானாகவே அதைக் கேட்டு நின்றது.

பாடல் எந்த வேளைக்குரியது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 'கோல் நித்ரே' ஆண்டில் ஒரே ஒரு மாலையில், யோம் கிப்பூர் நோன்பு தொடங்கும்போது ஓதப்படுவது. கேட்டால் உருகும், சொற்களோ அரமேயத்தில் உள்ள ஒரு சட்ட வாசகம், நேர்ந்த நேர்த்திகளை நீக்கும் அறிவிப்பு. அதைத் துள்ளல் நடையில் போட்டால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள், ஆனால் கேட்க வேண்டியவர்கள் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். பிரார்த்தனையில் வரும் இறைவனின் பெயரை வழிபாட்டுக்கு வெளியே உச்சரிக்காத பக்தர்கள், பாட்டில் அதற்கு மாற்றுச் சொல் வைத்துப் பாடுவார்கள். பாடகர் இருந்தால் எதைப் பாடுவது என்று இந்தப் படியிலேயே முடிவெடுங்கள்.

5. சுரவரிசையை அடையாளம் காணல்

கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இது எளிது. அதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது.

அடிக்கடி வரும் வரிசைக்கு ஜெப ஆலயத்தில் 'அஹவா ரபா' என்று பெயர். க்ளெஸ்மர் கலைஞர்கள் 'ஃப்ரைகிஷ்' என்பார்கள். மேற்கத்திய சுரப்பெயர்களில், டி-யை ஆதாரமாக வைத்தால் டி, இ ஃப்ளாட், எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி ஃப்ளாட், சி (ஃப்ளாட் என்றால் அரைச்சுரம் இறக்கியது, ஷார்ப் என்றால் அரைச்சுரம் ஏற்றியது). நம் கணக்கில் வகுளாபரணத்தின் சுரங்கள். மாயாமாளவகௌளை என்று நினைப்பவர்கள் நிஷாதத்தைக் கவனியுங்கள். இங்கே அது காகலி அல்ல, கைசிகி.

இரண்டாவது 'மிஷெபேராக்': டி, இ, எஃப், ஜி ஷார்ப், ஏ, பி, சி. ஹேமவதியின் சுரங்கள். மூன்றாவது 'மாகேன் அவோத்', நடபைரவிக்கு அருகில் நிற்கும் மைனர்.

பொறி இதுதான்: சுரங்கள் ஒன்றானதால் ராகமும் ஒன்று என்று நினைப்பது. எனக்குத் தெரிந்த வயலின்காரர் ஒருவர் ஃப்ரைகிஷ் மெட்டு முழுவதையும் கமகத்தால் ஆட்டி வாசித்தார். அழகாகத்தான் இருந்தது, ஆனால் அது வேறு ஊரின் அழுகை. இவர்களின் அலங்காரம் வேறு. சுரத்தின் வாலில் தொண்டை அடைத்தாற்போல ஒரு விக்கல் வரும். அதற்கு 'க்ரெக்ட்ஸ்' என்று பெயர். அது ஒவ்வொரு சுரத்திலும் வருவதில்லை. எங்கே வருகிறது என்று பிராண்ட்வைனைக் கேட்டு எண்ணுங்கள். லடினோ பாடல்களுக்கு இந்த விக்கலைக் கொண்டுபோக வேண்டாம். அவை மத்தியதரைக் கடலோரம் வளர்ந்தவை, அவற்றின் குழைவு வேறு.

இன்னொரு நுணுக்கம். ஃப்ரைகிஷ் மெட்டு ஆதார சுரத்துக்குக் கீழே இறங்கும்போது ஆறாவது சுரம் அடிக்கடி உயர்ந்துவிடும். பி ஃப்ளாட் இருந்த இடத்தில் பி வரும். அச்சுப் பிழை என்று திருத்திவிடாதீர்கள். நான் திருத்தினேன்.

6. இப்போது கார்டு

ஜாஸ் கற்றவரின் விரல் சுரவரிசையின் இரண்டு, ஐந்து, ஒன்றாம் படிகளின் கார்டுகள் என்ற பாதையில் தூக்கத்திலும் நடக்கும். இந்தப் பாடல்கள் சாவது அங்கேதான்.

டி ஃப்ரைகிஷை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாஸ்காரர் இதை ஜி ஹார்மோனிக் மைனரின் ஐந்தாம் படியாகவே படித்திருப்பார். அதனால் டி செவன்த் கேட்டதும் ஜி மைனரில் போய் இறங்கத் துடிப்பார். ஆனால் பாட்டுக்கு வீடு டி. ஜி மைனர் போய்வரும் ஊர். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஜி மைனரில் முடித்தால், வீட்டுக்காரர் வாசலிலேயே நிற்பது போலாகிவிடும்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. டி-தான் வீடு என்று கற்றவர் ஏ செவன்த் கார்டு போட்டு வீட்டுக்கு வருவார். அதற்கு சி ஷார்ப்பும் இயல்பான இ-யும் தேவை. இந்த வரிசையில் இரண்டும் இல்லை. மெட்டில் இ ஃப்ளாட் ஒலிக்கும்போது கார்டில் இ ஒலித்தால் கேட்பவருக்குக் காரணம் தெரியாது, பல் கூசும்.

வீடு திரும்பும் வழி சி மைனர். சி மைனர், டி மேஜர்: இவ்வளவுதான். டி மேஜர், ஜி மைனர், சி மைனர், இடையிடையே இ ஃப்ளாட் மேஜர். இந்த நான்கில் முழுப் பாட்டையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மிஷெபேராக்கில் டி மைனரும் இ மேஜரும் போதும். அங்கே இ செவன்த் ஏ-வுக்கு இழுக்கும். போகாதீர்கள், டி மைனருக்கே திரும்புங்கள்.

எளிய கார்டுகளில் பாட்டு நின்ற பிறகுதான் நிறம் சேர்க்க வேண்டும். நான் பின்பற்றும் முறை: முதல் சுற்றில் பேஸ் டி-யை மட்டும் சுருதிபோலப் பிடிக்கும், பியானோ மௌனம். இரண்டாம் சுற்றில் நான்கு கார்டுகள். மூன்றாம் சுற்றில் மட்டும் பியானோக்காரர் தன் படிப்பைக் காட்டலாம். ஒரு கார்டைச் சேர்த்ததும் மெட்டுக்காரர் தன் அலங்காரத்தை விட்டுவிட்டால், அந்தக் கார்டு வேண்டாம்.

7. தாளத்தை முடிவு செய்தல்

எதையும் ஜாஸின் ஸ்விங் நடையில் போட்டுவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். ஸ்விங்கில் அரைக் கால்கள் (ஓர் அடியின் பாதிகள்) நெட்டையும் குட்டையுமாகச் சாயும். ஃப்ரெய்லெக்ஸ் ஆட்ட மெட்டுகளில் அவை ஏறக்குறைய சமமாக நடக்கும், க்ரெக்ட்ஸ் அந்த இடுக்கில்தான் உட்காரும். சாய்த்தால் அதற்கு இடமில்லை.

புல்கார் என்ற ஆட்ட மெட்டுகளில் எட்டு அரைக் கால்கள் 3+3+2 ஆகப் பிரியும். இதே பிரிப்பு கியூபா தாளங்களிலும் உண்டு. அதனால் லத்தீன் ஜாஸ் நடை இதற்கு வலிக்காமல் பொருந்தும். புதிய டிரம்மருக்கு முதலில் இதைக் கொடுங்கள்.

ஹோரா என்ற மெதுவான மூன்றடி ஆட்டம்தான் எல்லோரையும் ஏமாற்றும். அதில் ஒன்றும் மூன்றும் ஒலிக்கும், இரண்டு காலி. நொண்டி நடப்பது போல. ஜாஸ் வால்ட்ஸிலோ டிரம்மரின் இடது கால் இரண்டில்தான் மிதிக்கும். ஆக, பாட்டு விட்டுவைத்த ஓட்டையைச் சரியாகத் தேடி அடைக்கிறோம். டிரம்மரிடம் "இரண்டாவது அடியைத் தொடாதே" என்று சொன்னால் போதும், வேறு விளக்கம் வேண்டாம்.

தாளமே இல்லாத 'டோய்னா' ஒன்றை முன்னுரையாக வைக்கலாம். ஆலாபனை கேட்டவர்களுக்கு அதன் போக்கு உடனே பிடிபடும். இரண்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

8. சோலோ எங்கே, எவ்வளவு

இப்போது ஜாஸ் பதிவுகளைத் திறக்கலாம். பென்னி குட்மன் குழு 1939-இல் பதிந்த 'அண்ட் தி ஏஞ்சல்ஸ் சிங்' பாட்டில் ஸிக்கி எல்மனின் டிரம்பெட் வரும் இடத்தைக் கேளுங்கள். ஸ்விங் நிற்கும், கல்யாண வீட்டு ஃப்ரெய்லெக்ஸ் வெடிக்கும், பிறகு ஸ்விங் திரும்பும். இரண்டையும் கலக்காமல் அடுத்தடுத்து வைத்ததால் இரண்டும் முழுமையாக நிற்கின்றன. 1963-இல் டெர்ரி கிப்ஸ் யூத மெட்டுகளுக்கென்றே போட்ட ஆல்பத்தில் க்ளெஸ்மர் வாசிப்பவர்களையும் ஜாஸ் வாசிப்பவர்களையும் சேர்த்துக்கொண்டார். ஜாஸ் பக்கம் பியானோவில் இருந்தவர் ஆலிஸ் மெக்லியோட், பின்னாளில் ஆலிஸ் கோல்ட்ரேன்.

கலப்பதா, அடுத்தடுத்து வைப்பதா என்பதைப் பாட்டுக்குப் பாட்டு முடிவெடுங்கள். என் அனுபவத்தில் அடுத்தடுத்து வைப்பதே பாதுகாப்பு.

சோலோ வாசிப்பவருக்கு ஒரே ஒரு விதி: டி கார்டின் மேல் இ ஃப்ளாட்டும் பி ஃப்ளாட்டும், இயல்பான இ-யும் பி-யும் அல்ல. பீபாப் என்ற ஜாஸ் பாணியின் பழக்கத்தில் அந்த இரண்டும் தானாக நுழையும்; நுழைந்த நொடியில் பாட்டு காணாமல் போகும். இரண்டு சுற்று சோலோ போதும். மூன்றாவது சுற்றில் பெரும்பாலும் பழைய வாக்கியங்களே திரும்பி வருகின்றன.

9. ஒலிப்பதிவு

சேர்ந்து ஒரே அறையில் வாசியுங்கள். நிகுன், டோய்னா இரண்டும் தாளத்தை இழுத்தும் விட்டும் போகும். தனித்தனி அறையில் காதில் கிளிக் ஒலியோடு பதிந்தால் அந்த இழுவை வராது. ஒரு பாட்டுக்கு மூன்று டேக்குக்கு மேல் போகாதீர்கள். மூன்றிலும் வரவில்லை என்றால் பிழை இசைக்கோப்பில் இருக்கிறது.

தேதி குறிக்கும் முன் நாட்காட்டியைப் பாருங்கள். குழுவில் ஆசாரமான யூதர் இருந்தால் வெள்ளி சூரிய அஸ்தமனத்திலிருந்து சனி இருட்டும்வரை அவர் வாசிக்க மாட்டார். வெளியீட்டு நிகழ்ச்சிக்கும் இதே கவனம் தேவை: பாஸ்கா பண்டிகையின்போது தொடங்கும் ஓமெர் காலத்தின் ஒரு பகுதியிலும், கோடையில் திஷா பேஆவ் நோன்புக்கு முந்தைய மூன்று வாரங்களிலும் ஆசாரமானவர்கள் கச்சேரிக்கு வருவதில்லை. எங்கள் முதல் நிகழ்ச்சி சரியாக அந்த மூன்று வாரத்துக்குள் விழுந்தது. பாதி நாற்காலிகள் காலி. விளம்பரம் போதவில்லை என்று ஒரு வாரம் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

10. வரிசையும் உறையும்

முதல் மூன்று பாடல்களில் ஆதார சுரமும் சுரவரிசையும் திரும்ப வரக் கூடாது. எடையுள்ள பிரார்த்தனைப் பாடலுக்கு அடுத்துக் கல்யாண ஆட்டத்தை ஒட்டவைக்காதீர்கள். நடுவில் ஒரு தாலாட்டோ நிகுனோ வைத்து மூச்சு விடுங்கள்.

உறையில் ஒவ்வொரு பாடலுக்கும் மொழி, வகை, மெட்டமைத்தவர் தெரிந்தால் அவர் பெயர், எந்தப் பாடகர் அல்லது தொகுப்பிலிருந்து கற்றீர்கள், இசைக்கோப்பு யாருடையது என்று எழுதுங்கள். மரபுப் பாடலில் உங்களுக்கு உரிமை உள்ளது உங்கள் இசைக்கோப்புக்கு மட்டுமே. உரிமைச் சங்கத்தில் பதியும்போதும் அப்படியே பதியுங்கள்.

கடைசியாகத் தலைப்புகளின் எழுத்துக்கூட்டல். எபிரேய, இத்திஷ் தலைப்புகளை ரோமன் எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ஒரே பாட்டுக்கு நான்கைந்து வடிவங்கள் புழங்கும். இத்திஷுக்கு யீவோ என்ற இத்திஷ் ஆய்வு நிறுவனத்தின் முறையைப் பின்பற்றுங்கள். உறையில் ஒன்று, இணையச் சேவையில் ஒன்று, உரிமைப் பதிவில் ஒன்று என்று போட்டால் கணினி அவற்றை மூன்று பாடல்களாக எண்ணும். பட்டியலை ஒரே கோப்பில் வைத்து, மூன்று இடங்களுக்கும் அதிலிருந்தே நகலெடுங்கள்.